பாமாலைப் புத்தகம் விழும் ஞாயிறு

பன்னிரண்டு பேர்தான் கொள்ளும். திருவிருந்து வாங்க ஆல்டருக்கு முன்னால இருக்க மரக்கிராதியில தோளோடு தோள் இடிச்சு முழங்கால் போட்டா ஒரு பந்திக்குப் பன்னிரண்டு, அதுல எங்க ரெஞ்சிதம் அக்கா மாதிரி ஒரு சரீரம் இருந்தா பதினொண்ணு. இருபத்தொன்பது வருஷமா மாசத்து முதல் ஞாயிறு தவறாம இந்தக் கணக்குதான் போடுதேன். பாஸ்டர் ஐயா அங்க அப்பத்தக் கையில எடுத்து ஜெபம் பண்ணும்போது எல்லாரும் கண்ண மூடியிருப்பாவ, நான் ஒரு கண்ணத் திறந்து தலைய எண்ணிக்கிட்டிருப்பேன். அக்காவுக்கு மூணாவது பெஞ்சு, என்னமோ சீதனமாக் கொண்டு வந்த மாதிரி, வேற யாரும் அதுல உக்கார முடியாது. எனக்கு எட்டாவது பெஞ்சு. அவ முதல் பந்தியில போயிட்டு வந்துருவா, நான் மூணாவது பந்தியில போவேன், நடுவுல ஒரு முழுப் பந்தி இருக்கும். என்னைக்காவது கூட்டம் குறைஞ்சு, வரிசை விடுத மூப்பர் ‘வாங்க வாங்க’ன்னு கைய ஆட்டி என்னையும் அவ பந்திக்குள்ள தள்ளப் பாத்தா, என் பாமாலைப் புத்தகம் கை தவறிக் கீழ விழுந்துரும். குனிஞ்சு எடுக்கணும்லா. உள்ள வச்ச ஜெபச் சீட்டெல்லாம் வேற சிதறிக் கிடக்கும். ஒண்ணொண்ணாப் பொறுக்கி நிமிருததுக்குள்ள பந்தி நிறைஞ்சிரும். விழுந்து விழுந்து அட்டையே பிஞ்சு போச்சு, பசை போட்டு ஒட்டி வச்சிருக்கேன். ஒரு குஞ்சுக்கும் தெரியாதுன்னுதான் இத்தன வருஷமும் நினைச்சேன். நேத்து எங்க சபை வாலிபப் பிள்ள பெனிட்டா சிரிக்காம சொல்லுதா, ‘டீச்சர், நீங்க புத்தகத்தக் கீழ போடுவீங்களா மாட்டீங்களான்னு பின் பெஞ்சுல ரூபன் பரோட்டாவுக்குப் பந்தயம் கட்டுவான், போடுவீங்கன்னு கட்டி அவன் தோத்ததே இல்ல’ன்னு. தோத்ததே இல்லயாம். இன்னைக்குத் தோக்கட்டும் பயபுள்ள. இன்னைக்கு நான் நாலாவது பெஞ்சுல வந்து உக்காந்திருக்கேன், அக்கா கழுத்துக்கு நேர் பின்னால.

இந்தக் கழுத்த இவ்வளவு கிட்டக்கப் பாத்து எவ்வளவு காலமாச்சு. பவுடர் திட்டுத் திட்டா நிக்கி, அதுக்கு நடுவுல வேர்வை ஓடுது, சங்கிலிக் கொக்கி திரும்பிக் கிடக்கு. மை அடிச்ச முடிக்கு அடியில விரற்கடை அளவுக்கு வெள்ளை. அம்பத்தெட்டு வயசாகுது அவளுக்கு, என்னைவிட மூணு வயசு மூப்பு, எங்க பெரியம்மா மக. சின்னதுல அந்தக் கொக்கிய நான்தான் மாட்டி விடுவேன், ‘ஏ சுகிர்தம், இங்க வா பிள்ள’ன்னு கூப்பிட்டு முடிய ஒதுக்கிக் காட்டுவா. இப்பவும் கை பரபரங்குது, நீட்டித் திருப்பி விட்டுரலாம்னு. சீ. கைக்கு என்ன ரோஷம் இருக்கு, அதுக்குப் பழக்கம்தான் தெரியும். இதே கைதான். ஒம்பது வயசுல எனக்கு மணல்வாரி அம்மை போட்டு, காய்ச்சல் தலைக்கேறி, வலிப்பு வந்துச்சு. ஒரே வாரத்துல ரெண்டு தடவ. அதோட சரி, அதுக்கப்புறம் இந்த அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஒரு தலைச்சுத்தல்கூடக் கிடையாது. ரெண்டாந்தடவ வந்தப்ப வீட்டுல பெரியவங்க யாருமில்ல, அக்காதான் இருந்தா, பன்னிரண்டு வயசு. பெட்டிச் சாவிக் கொத்தத் தூக்கிட்டு வந்து என் கையில திணிச்சு, தன் ரெண்டு கையாலயும் மூடி அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ‘இயேசப்பா இயேசப்பா’ன்னு தெருவே கேக்க அலறியிருக்கா. கண்ணு முழிச்சுப் பாக்கேன், அவ மூக்குச் சளி என் நெத்தியில வடியுது. அவ கையிலயும் சாவி அச்சு, என் கையிலயும் சாவி அச்சு. அந்த ரெண்டு தடவ வந்ததயும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா அவகிட்ட சத்தியம் வாங்குனா. பதினேழு வருஷம் காப்பாத்துனா. பதினேழு வருஷம் காப்பாத்தினவளுக்கு இன்னும் ஒரு வாரம் காப்பாத்த முடியாமப் போச்சு.

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாவ. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாயிருக்கு, தடை ஏதும் தெரிஞ்சவங்க இப்பமே சொல்லணும்னு ஆராதனை நடுவுல பாஸ்டர் வாசிப்பாவ. எனக்கும் சாலமோன் ஆசீருக்கும் ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. போஸ்டாபீஸ்ல வேலை அவருக்கு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க வீட்டுல குடுத்த வாழைப்பழத்தத் தின்னுட்டு, தோல எங்க போடன்னு தெரியாம, யாரும் பாக்கலன்னு நினைச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. நான் பாத்தேன். கதவிடுக்குல நின்னு பாத்துச் சிரிப்பு தாங்கல எனக்கு, இந்த மனுஷன்கூட இருந்துரலாம்னு அப்பமே முடிவு பண்ணிட்டேன். மூணாவது ஞாயிறு நீலப் பட்டு கட்டி உக்காந்திருக்கேன். அறிவிப்பு வாசிக்க பழைய பாஸ்டர் ஐயா எந்திரிச்சாவ. காகிதத்தப் பாத்தாவ, எங்கப்பாவப் பாத்தாவ, மறுபடியும் காகிதத்தப் பாத்தாவ. ‘வருகிற புதன்கிழமை பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டம் நடைபெறும்’ன்னாவ. அவ்வளவுதான். என் ஓலை வரல. பெண்கள் சங்கத்துக்குப் பிறகு யாரோ குடை விட்டுட்டுப் போனது, அதுக்குப் பிறகு காணிக்கைப் பாட்டு. கோயில் முழுக்கத் திரும்பி என்னப் பாக்கு, நான் பாட்டுப் புத்தகத்தப் பாக்கேன், எழுத்து ஒண்ணும் ஓடல. முந்தின நாள் சாயங்காலமே ரெஞ்சிதம் அக்கா பாஸ்டர் வீட்டுக்குப் போயி, மாப்பிள்ளையோட தாயாரையும் அங்க வரவழைச்சு, பொண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைச்சு வச்சுக் கட்டிக் குடுக்காவ, என் மனசாட்சி உறுத்துதுன்னு சொல்லியிருக்கா. மனசாட்சி! அவ புருஷனுக்குச் சர்க்கரை இருந்தத அவ கல்யாணத்துல யாரு எந்திரிச்சுச் சொன்னா? எங்கப்பா ‘ஒம்பது வயசுல வந்தது’ன்னு ஒரு வாரம் வீடு வீடா ஏறி இறங்குனாரு. யாரு கேட்டா. அதுக்கப்புறம் எந்த வரனும் எங்க வாசலுக்கு வரல. பேரு ஒட்டிக்கிட்டுச்சு. பள்ளிக்கூடத்துல இருபத்தெட்டு வருஷம் பாடம் எடுத்தேன், கண்ணாடியக் கழட்டி ஒரு நிமிஷம் கண்ண மூடுனாக்கூட கூட இருக்க டீச்சர்மாரு சாவியத் தேடுவாளுக.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அவ தப்புப் பண்ணதா அவளுக்கே தெரியாது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ்க்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டாந்தா. ‘உன் நல்லதுக்குத்தான் பிள்ள செஞ்சேன், நாளைக்கு அங்க போன இடத்துல தெரிஞ்சு உன்னத் திருப்பி அனுப்புனா அத நான் பாத்துக்கிட்டு இருக்கவா’ன்னா. கண்ணுல தண்ணி வேற. நிசத் தண்ணி. அதான் எனக்குத் தாங்கல. நடிச்சிருந்தான்னா நான் அன்னைக்கே காறித் துப்பிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். முந்திரிக்கொத்தக் கோழிக்குப் போட்டேன். கோழிக்கென்ன, தின்னுச்சு. மன்னிப்புக் கேக்காதவள எப்படி மன்னிக்க? இந்தா வச்சுக்கோன்னு குடுக்கதுக்கு அவ கைய நீட்டணும்லா. நீட்டாத கையில கொண்டு போயித் திணிக்கவா? இதெல்லாம் எனக்குள்ள. வெளிய நான் யாருன்னா, சனிக்கிழமை வட்டத்து சுகிர்தம் டீச்சர்.

அந்த வட்டம் பாஸ்டர் ஐயா யோசனை. வாலிபப் பிள்ளைக பிரசங்கத்துல போனப் பாக்குதுக, கல்லூரி முடிச்சா கோயில் பக்கம் தலை வைக்க மாட்டேங்குதுக, ‘நீங்க பேசுனா கேக்காங்க டீச்சர், பிரசங்கம் வேண்டாம், சும்மா பேசுங்க, கேள்வி கேக்கட்டும்’ன்னாவ. ஞாயிறு பள்ளி அறையில பிளாஸ்டிக் நாற்காலிய வட்டமாப் போட்டு, டீ, பருப்பு வடை. எட்டுப் பிள்ளைக வரும், சில வாரம் பதினொண்ணு. எனக்குப் பெருமை பிடிபடல. இந்த ஆறு வாரமா என்ன பேசுனோம்? மன்னிப்பு. வேற தலைப்பா கிடைக்கல எனக்கு? நானாத்தான் எடுத்தேன். ‘மன்னிக்கது அவங்களுக்காக இல்ல மக்கா, நமக்காக. கசப்ப உள்ள வச்சிருந்தா நம்மளத்தான் அரிக்கும்’. எம்புட்டு அழகாச் சொன்னேன். ரூபன்கூட போனக் கீழ வச்சுட்டுக் கேட்டான். பெனிட்டா மட்டும் வடையத் தொடாம உக்காந்திருந்தா. இருபத்தோரு வயசு, நர்சிங் கடைசி வருஷம், ஹாஸ்டல்ல இருக்கா. ரெண்டு வருஷம் முன்னால அவ அப்பன் தங்கதுரை குடிச்சுட்டு வந்து அவ அம்மாவ அடுக்களைப் படியில தள்ளி விட்டதுல அம்மாவுக்குக் கை ஒடிஞ்சு, கோணலாச் சேந்து, இன்னைக்கு வரைக்கும் மடங்காது. அந்தம்மாவால தன் தலைய தானே பின்ன முடியாது. இவ பின்னி விட்டுக்கிட்டு இருந்தா, பிறகு அவன் கை இவ மேலயும் நீளவும் பெட்டியக் கட்டிக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. அப்பன்கூடப் பேச்சு இல்ல. போன தை மாசம் தங்கதுரை மனந்திரும்பி இரட்சிக்கப்பட்டுட்டாரு. கூட்டத்துல மைக்கப் பிடிச்சுச் சாட்சி சொன்னாரு, அழுதாரு, எல்லாரும் அல்லேலூயான்னாவ. இப்ப மகளும் வீட்டுக்கு வந்துட்டா சாட்சி முழுசாயிரும். படிப்பு முடிஞ்சதும் வீட்டோட வந்து இருக்கணும், வெளியூர் வேலை வேண்டாம், அப்பாவ மன்னிச்சேன்னு சபை பாக்க ஒண்ணா முழங்கால் போடணும், அதான் அவருக்கு வேணும். நேத்து எல்லாரும் போன பிறகு அந்தப் பிள்ள நாற்காலிய அடுக்கிக்கிட்டே சொல்லுதா, ‘டீச்சர், அவர் வெளிய போற நேரம் பாத்து அம்மா போன்ல மெதுவா சொல்லுதா, வந்துராத மக்களே, வராதன்னு’.

கேட்டேன். நல்லாக் காதுல விழுந்துச்சு. நான் என்ன சொல்லியிருக்கணும்? ‘அம்மா சொன்னா கேளு, போகாத’ன்னு சொல்லியிருக்கணும். ஆனா ஆறு வாரமாப் பேசுன வாயில்லா, நிக்குமா? ‘அம்மா பழைய பயத்துல சொல்லுவாவ மக்கா, ஆண்டவர் மாத்துன மனுஷன நாம நம்பாட்டா எப்படி, நீ மன்னிக்காட்டா கசப்பு உன்னைத்தான் அரிக்கும்’ன்னேன். அதே பாட்டு. அவ அடுக்குன நாற்காலி மேல கைய வச்சு என்னைப் பாத்தா. ‘நீங்க ஏன் டீச்சர் ரெஞ்சிதம் பெரியம்மாகூட ஒரு பந்தியில முழங்கால் போட மாட்டீங்க?’ன்னா. ரூபனோட பந்தயக் கதைய அப்பதான் சொன்னா. ‘சண்டைக்குக் கேக்கல டீச்சர். எனக்குத் தெரியணும். நாளைக்கு நீங்க அவங்க பக்கத்துல போய் முழங்கால் போட்டீங்கன்னா மன்னிக்க முடியும்னு நான் நம்புவேன். அடுத்த பந்தியில நான் அப்பா பக்கத்துல போடுதேன். வீட்டுக்கும் போயிருதேன்’. இப்படி ஒரு பேரம். ஆண்டவர்கிட்டகூட நான் இப்படிப் பேரம் பேசுனதில்ல. சரின்னுட்டேன். டீச்சர்லா நான். தெரியாதுன்னு சொல்லிப் பழக்கம் கிடையாதே.

அயலானோட சமாதானமா இருக்கவங்க முன்னால வாங்கன்னு பாஸ்டர் ஐயா கூப்பிடுதாவ. மூப்பர் முதல் ரெண்டு பெஞ்ச எழுப்பியாச்சு. எதிர்த்தாப்புல அஞ்சாவது பெஞ்சுல தங்கதுரை, வெள்ளைச் சட்டை, பக்கத்துல பெனிட்டா, அந்தக் கடைசியில அவ அம்மா. பெனிட்டா கண்ணு என் மேலதான் இருக்கு. ஆறு, ஏழு, எட்டு. அக்கா எந்திரிக்கா, கிராதி வரைக்கும் பெஞ்சு பெஞ்சாப் பிடிச்சுப் பிடிச்சுப் போறா. அவ ஒம்பது, பக்கத்துல அவ நாத்தனா பத்து, நாத்தனாருக்கு இன்னைக்கு இருமல், உக்காந்துட்டா. அப்ப நான்தான் பத்து. கை விரல் தானா விரியுது, புத்தகம் நழுவப் பாக்குது. பிடி. பிடிச்சுக்கோ சுகிர்தம். கக்கத்துல இடுக்கிக்கிட்டேன். பின் பெஞ்சுல யாரோ மூச்ச உள்ள இழுத்த மாதிரி இருந்துச்சு, ரூபனாத்தான் இருக்கும். நடக்கேன். சிவப்புக் கம்பளம், காலுல மெத்து மெத்துன்னு. முழங்கால் போடு. போட்டுட்டேன். அக்காவால உடனே போட முடியல, யாரு என்னன்னு பாக்காம பக்கத்துல கைய நீட்டுதா, என் கை அது பாட்டுக்குப் போய் முழங்கையத் தாங்கிப் பிடிச்சு இறக்கி விட்டுட்டு. கனமான கை. குளிர்ந்து கிடக்கு. அப்பதான் திரும்பிப் பாத்தா. ‘சுகிர்தமா?’ன்னா. ‘வந்துட்டியா. நீ ஒரு நாள் வருவன்னு தெரியும் பிள்ள. நான் உன்ன எப்பவோ மன்னிச்சுட்டேன்’.

என்னையா? என்னை இவ மன்னிச்சுட்டாளா? எதுக்கு, கோழி தின்ன முந்திரிக்கொத்துக்கா? மண்டைக்குள்ள ஜிவுஜிவுன்னு ஏறுது. எந்திரிச்சுப் போயிரு. போக முடியாது, அப்பம் வந்துட்டு, கைய நீட்டு. அவ மக கல்யாணத்துக்கு நான் போகல, அதுக்கா. அவ புருஷன் செத்த அன்னைக்கு வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். பிணத்தத் தாண்டி அவ என்னைப் பாத்தா, ‘சுகிர்தம்’னு கூப்பிட்டா, காதுல விழாத மாதிரி நடந்தேன். அதுக்கா. அது இருக்கு. அது இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ முதல்ல என்கிட்டக் கேளுடி, நீ கேளு, ஒரு வார்த்தை, நான் செஞ்சது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை. கேக்க மாட்டா. கண்ண மூடிக்கிட்டா, முகத்துல அப்படி ஒரு சாந்தம், பெத்த பிள்ள திரும்பி வந்த மாதிரி. திராட்சரசப் பாத்திரம் வருது. ஒரே பாத்திரம்தான் எல்லாருக்கும். அவ குடிச்சா, பாஸ்டர் ஐயா வெள்ளைத் துணியால துடைச்சாவ, லேசாத் திருப்பினாவ, திருப்புனது காணாது, அவ உதடு பட்ட இடம் எனக்கு நேராத்தான் வருது. குடிச்சேன். இனிப்பா இருந்துச்சு, தொண்டையில எரிஞ்சுச்சு. ஆண்டவரே, நான் மன்னிக்கல. உமக்குத் தெரியும். கால மடக்கினேன், வாயத் திறந்தேன், மனசு அந்த எட்டாவது பெஞ்சுலயே உக்காந்திருக்கு, நீலப் பட்டு கட்டிக்கிட்டு.

எந்திரிச்சுத் திரும்பினா அடுத்த பந்தி வருது. தங்கதுரை முன்னால வாரான், மகளோட மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு. கைய இல்ல, மணிக்கட்ட. அவ அம்மா பெஞ்சவிட்டு எந்திரிக்கல. கோணக் கைய மடியில போட்டுக்கிட்டு என்னையே பாக்கா. மகளப் பாக்கல, புருஷனப் பாக்கல, என்னைப் பாக்கா. பெனிட்டா என்னப் பாத்துச் சிரிச்சா. ஆறு வாரத்துல அந்தப் பிள்ள சிரிச்சு நான் பாத்தது அதுதான் முதல் தடவ, கண்ணெல்லாம் நிறைஞ்சு போய், நம்பிட்டேன் டீச்சர்ங்குத மாதிரி. திருவிருந்து வாங்கினவங்க ஓரமாப் போயி பக்கவாட்டு வழியில வாயத் திறக்காம உக்காரணும், அதான் முறை. நான் நடுவழியில இறங்கி நேரா அவங்க முன்னால போய் நின்னுட்டேன். ‘நான் மன்னிக்கல பிள்ள’ன்னேன். சத்தமா வந்துட்டு. ஆர்மோனியம் வாசிச்ச பையன் கைய நிறுத்திட்டான். ‘நீ பாக்கேன்னுதான் போய் முழங்கால் போட்டேன். இருபத்தொன்பது வருஷமாச்சு, எனக்கு இன்னும் வரல. நாக்கு நீளம் எனக்கு, அவ்வளவுதான். நீ ஹாஸ்டலுக்கே போ’. அவ அம்மா போன்ல சொன்னதையும் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கடிச்சு முழுங்கிட்டேன், அந்தம்மா ராத்திரி அந்த வீட்டுலதான படுக்கணும். முதுகுக்குப் பின்னால கிராதிகிட்ட அக்கா நிக்கா, கேட்டிருப்பா. கேக்கட்டும். இல்ல, ஐயோ, கேட்டிருப்பா. ‘டீச்சர், ஆண்டவர் சந்நிதியில என்ன பேச்சு இது’ன்னு தங்கதுரை சிரிச்சுக்கிட்டே சொன்னான், பல்லு மட்டும்தான் சிரிச்சுச்சு, மணிக்கட்டுல விரல் இறுகினத நான் பாத்தேன். பெனிட்டாவும் குனிஞ்சு அந்த விரலப் பாத்தா. கைய உருவிக்கிட்டா. அப்பதான் என் கக்கத்துல இருந்து புத்தகம் விழுந்துச்சு. சத்தியமா நான் போடல. சீட்டெல்லாம் கம்பளத்துல சிதறிட்டு. அவதான் குனிஞ்சு பொறுக்கினா, நிதானமா, ஒண்ணொண்ணா, பந்தி நிறையுத வரைக்கும். நிமிந்து அந்த ஒட்டுப் போட்ட அட்டையத் தடவிப் பாத்தா. சிரிப்பெல்லாம் போயிட்டு. ‘இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்’ன்னா.

மூப்பர் யாரையோ கைய ஆட்டிக் கூப்பிடுதாரு. தங்கதுரை மிச்சமிருந்த ஓரத்துல தனியாப் போய் முழங்கால் போட்டான், மெதுவா, எல்லாரும் பாக்கணும்னு. பெனிட்டா புத்தகத்த நெஞ்சோட வச்சுக்கிட்டுப் பின்னால நடந்து, காலியாக் கிடந்த எட்டாவது பெஞ்சுல போய் உக்காந்தா. அவ அம்மா தலையக் குனிஞ்சு நல்ல கையால முகத்த மூடிக்கிட்டா, அழுதாளோ ஜெபம் பண்ணுனாளோ. நான் போய் அந்தப் பெஞ்சோரத்துல நின்னேன். அவ என்னப் பாக்கல. ரெண்டு பந்தி போயி வந்துச்சு, நான் நின்னுக்கிட்டே இருந்தேன், கால் கடுத்துச்சு. மூணாவது பந்தி எந்திரிக்கும்போது அவ புத்தகத்த மடிக்கு மாத்திக்கிட்டு, கொஞ்சம் நகந்து உக்காந்தா.